ஓசார்க்கில் ஓர் ஆண்டு – 9: பட்டியில் பொரித்த பறவை

மிளகாய் விதைகள் முளைவிட்ட கட்டத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். வான்கோழியை வரவழைக்கும் அழைப்பான்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்கு. அதற்கான குறிப்புகளைத் தேடப்போன இடத்தில், ஸ்டார்க்கர் லியோபோல்டு என்ற விலங்கியலாளர் 1944-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று கையில் சிக்கியது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வரும் கேள்விக்கு அதில் பாதி விடை இருக்கிறது. வீட்டுக்குள் வளர்த்த ஓர் உயிரை வெளியே கொண்டுபோய் விட்டால் அது பிழைக்குமா?

முதலில் நாற்றைப் பார்த்துவிடுவோம், அது எளிது.

மார்ச் மாதக் கடைசி. மிசௌரியின் தென்பகுதியிலிருந்து ஆர்க்கன்சாவின் வடக்கு வரை பரந்து கிடக்கும் ஓசார்க் குன்றுகளில் ஓக் மரங்களும் ஹிக்கரி மரங்களும் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கின்றன. ரெட்பட் மட்டும் ஓர் இலைகூட விடாமல், கிளைகளை ஒட்டியபடியே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்களைப் பூத்துத் தள்ளுகிறது. பக்கத்துப் பண்ணைவீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பாதி விதைப் பொட்டலங்கள், மறுபாதி தோட்டா டப்பாக்கள். இந்த வட்டாரத்தில் யாருக்கும் அது விநோதமாகத் தெரியாது. இரண்டும் ஒரே பருவத்து வேலை. மார்ச் 17, புனித பாட்ரிக் நாளையொட்டி உருளைக்கிழங்கு நடுவது இங்கே தலைமுறை வழக்கம். பட்டாணியும் அந்த வாக்கிலேயே மண்ணுக்குள் போய்விடுகிறது. அவை குளிரைத் தாங்கும். தக்காளியும் மிளகாயும் தாங்காது. ஏப்ரல் நடுவிலோ கடைசியிலோதான் இங்கே கடைசி உறைபனி விழும். பள்ளத்தாக்குகளில் மே முதல் வாரம் வரைகூட அதற்கு உத்தரவாதம் கிடையாது. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பித்த அதே இரவில் கீழே இருக்கும் தோட்டம் கருகிவிடும்.

அதனால்தான் வீட்டுக்குள் நாற்று விடுகிறார்கள். மிளகாய் எட்டிலிருந்து பத்து வாரம் முன்பே, தக்காளி ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே. மிளகாய் விதைக்கு மண் 27 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால்தான் சுறுசுறுப்பு வரும். குளிர்ந்த மண்ணில் போட்டால் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அதற்காகக் குழித்தட்டுக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய பாய் ஒன்றை விரிக்கிறார்கள். குழிகளில் நிரப்புவது பெரும்பாலும் தோட்டத்து மண் கிடையாது. சதுப்புநிலத்துப் பீட் அல்லது தென்னை நார்க்கழிவு. செங்கல் வடிவில் அழுத்தி வரும் நார்க்கழிவை வாளித் தண்ணீரில் போட்டால் பொங்கி மேலே வருகிறது. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களும் இலங்கைக்காரர்களும் கப்பலேற்றி அனுப்பும் அதே சரக்குதான். ஓசார்க் ஜன்னலோரத்தில் நம்மூர்த் தென்னையின் நாரில் வேர்விட்டு நிற்கும் மெக்சிகோ மிளகாய் எனக்குத் தரும் சந்தோஷத்தை எழுத்தில் அடக்கத் தெரியவில்லை.

முளைத்த பிறகு இரண்டு ஆபத்துகள். ஒன்று நாற்றழுகல். ஈரம் மிஞ்சி, காற்று நகராமல் இருந்தால் மண்ணிலுள்ள பூஞ்சைகள் தண்டின் அடியைத் தின்றுவிடும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் தரையோடு படுத்திருக்கும். இன்னொன்று வெளிச்சக் குறைவு. ஜன்னல் வெளிச்சம் போதாமல் நாற்று நெடுநெடுவென்று வெளிறி உயர்ந்து, தன் தலையையே தாங்க முடியாமல் சாயும். விளக்கை இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுவது அதற்குத்தான்.

விளக்கை விடவும் எனக்குப் பிடித்த வைத்தியம் கையால் தடவுவது. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் நாற்றுத் தட்டுகளைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளங்கையை நுனிகளின் மேல் மெதுவாக ஓட்டிவிட்டுப் போவார். பாசம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் தாவரம் தொடுதலையும் அசைவையும் உணர்ந்து, உயரமாக வளர்வதைக் குறைத்துத் தண்டைப் பருக்கவைக்கிறது. எம். ஜே. ஜாஃபி என்ற தாவரவியலாளர் 1973-இல் இந்த இயல்பைச் சோதனையில் காட்டி அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். வீட்டுக்குள் காற்று அடிப்பதில்லை. காற்று செய்ய வேண்டியதைக் கை செய்கிறது. மின்விசிறி வைப்பவர்களும் உண்டு.

அப்புறம் வெளியே பழக்குவது. முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம். மறுநாள் கொஞ்சம் கூடுதலாக. அடுத்து காலை வெயில், பிறகு உச்சி வெயில், காற்று, கடைசியாக இரவு. தண்ணீரையும் சற்றுக் குறைப்பார்கள். ஒரு வாரம், பத்து நாளில் இலையின் மேல் மெழுகுப் படலம் தடிக்கிறது, தண்டு விறைக்கிறது, நிறம் ஆழ்ந்த பச்சையாகிறது. அவசரப்பட்டு நேராக வெயிலில் வைத்த நாற்று ஒரே பகலில் வெளுத்துப் போகும். பொறுமையாகப் பழக்கியது அதே வெயிலில் செழிக்கும். ஆக, நாற்று விஷயத்தில் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கூரைக்குக் கீழே வளர்ந்த செடிக்கு வெளியுலகத்தைப் பத்து நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

இதையேதான் ஒரு காலத்தில் வான்கோழிக்கும் செய்து பார்த்தார்கள்.

இன்று ஓசார்க்கில் வைகறையில் எழுந்து நின்றால் ஏதாவது ஒரு மேட்டிலிருந்து ஆண் வான்கோழியின் குரல் கேட்கும். தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கும் ஓசையைப் பத்து மடங்கு உரக்க எழுப்பினால் எப்படியோ அப்படி. 1930-களில் இந்தக் குன்றுகளில் அதைக் கேட்பது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மரக் கம்பெனிகள் இங்கே வந்தன. கார்ட்டர் கவுண்டியில் கிராண்டின் என்ற ஊரில் இருந்த மரஆலை 1900 வாக்கில் நாட்டின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. ஊசியிலைப் பைன் காடுகள் முழுக்க வெட்டித் தீர்ந்ததும் கம்பெனி கிளம்பிவிட்டது. மிஞ்சிய சரிவுகளை ஆண்டுதோறும் கொளுத்தி மாடும் பன்றியும் மேய்த்தார்கள். சந்தைக்காகச் சுட்டதும் சாப்பாட்டுக்காகச் சுட்டதும் சேர்ந்துகொண்டது. 1936-இல் மிசௌரி மக்கள் வாக்களித்து, அரசியல் கட்சிகளின் பிடியில் சிக்காத ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்தை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அடுத்த ஆண்டே வான்கோழி வேட்டை நிறுத்தப்பட்டது.

பறவை குறைந்தால் என்ன செய்வது? வளர்த்து விடுவது. யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மிசௌரி மட்டுமில்லை, பல மாநிலங்கள் இப்படித்தான் செய்தன. வேட்டைப்பறவைப் பண்ணைகளில் நாட்டு வான்கோழியும் காட்டு வான்கோழியும் கலந்த இனத்தை வளர்த்தார்கள். இன்குபேட்டரில் பொரித்து, வலைப் பட்டியில் தீனி போட்டு, ஓரளவு வளர்ந்ததும் ஆயிரக்கணக்கில் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். சில இடங்களில் மெல்ல மெல்லப் பழக்கியும் பார்த்தார்கள். காட்டுக்குள்ளேயே பட்டி போட்டார்கள், தீனியைப் படிப்படியாகக் குறைத்தார்கள், சரியாக நாற்றைப் பழக்குவது மாதிரியே.

அவை பிழைக்கவில்லை. நரிக்கும் ஆந்தைக்கும் இரையாயின. பண்ணை வாசல்களைத் தேடிக் கோழிகளோடு போய்ச் சேர்ந்தன. பண்ணையில் வளர்ந்த பறவையிடமிருந்து மிச்சமிருந்த காட்டுப் பறவைகளுக்கு நோய் தொற்றும் அபாயம் வேறு. இத்தனைக்குப் பிறகும் பென்சில்வேனியாவில் இந்த வழக்கம் 1980 வாக்கில்தான் நின்றது.

ஏன் பிழைக்கவில்லை என்பதைத்தான் ஸ்டார்க்கர் லியோபோல்டு தேடினார். அமெரிக்க வனவிலங்கியலின் தந்தை என்று கொண்டாடப்படும் ஆல்டோ லியோபோல்டின் மூத்த மகன் இவர். மிசௌரிக் காடுகளில் காட்டுப் பறவை, கலப்புப் பறவை, நாட்டுப் பறவை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நடத்தையைக் கவனித்தார். உடலை அறுத்து உள்ளே அளந்தார். உடல் எடையோடு ஒப்பிடும்போது காட்டுப் பறவையின் மூளை பெரிது. அட்ரினல் சுரப்பி பெரிது, பிட்யூட்டரி பெரிது. பயத்தையும் பரபரப்பையும் ஆளும் கருவிகள் கலப்பினத்தில் சுருங்கியிருந்தன. மிரளும் திறனே மங்கிப்போன பறவையைக் காட்டில் கொண்டுவிட்டிருக்கிறார்கள். கட்டுரைக்கு அவர் வைத்த பெயரே, காட்டுத்தன்மை பரம்பரையாக வருவது என்று சொல்கிறது.

அதில் ஓர் இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கலப்புப் பறவைகள் காட்டுப் பறவைகளை விட முன்னதாகவே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகின்றன. சீக்கிரமே முட்டை, சீக்கிரமே அடை. அதனால் முட்டையும் குஞ்சும் வசந்தத்தின் குளிரிலும் மழையிலும் மாட்டிக்கொள்கின்றன.

இதைப் படித்ததும் தக்காளிதான் ஞாபகத்துக்கு வந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஓசார்க்கில் நாலு நாள் நல்ல வெயில் அடிக்கும். சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே உலாவலாம். கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில் தக்காளியை நட்டவர்களை அடுத்த வாரமே உறைபனி தண்டிக்கும். இங்கே கிழவர்கள் வசந்தத்தில் வரும் குளிர்த் திருப்பங்களுக்கு அப்போது பூக்கும் பூவை வைத்தே கணக்கு வைத்திருக்கிறார்கள். ரெட்பட் குளிர், டாக்வுட் குளிர், கடைசியாகக் கருப்பு நாவல்பழ நிறத்துப் பழம் தரும் முள்புதர் பூக்கும்போது பிளாக்பெரி குளிர். மக்காச்சோளம் எப்போது விதைப்பது? ஓக் இலை அணில் காது அளவு வந்ததும். மண்ணின் சூட்டை மரமே அளந்து சொல்வதால் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை.

காட்டு வான்கோழி இந்த நாலு நாள் வெயிலை நம்பி முட்டையிடுவதில்லை. அது முக்கியமாகப் பார்ப்பது பகலின் நீளத்தை. பறவைகளுக்குப் பகல் நீள்வதை அறியும் உணர்வு கண்ணில் மட்டும் இல்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே ஊடுருவும் வெளிச்சத்தை மூளையின் ஆழத்தில் இருக்கும் செல்களே உணர்கின்றன. வெயில் முன்னே பின்னே ஆகலாம், சூரியன் உதிக்கும் நேரம் ஆகாது. சீக்கிரப்பட்ட பறவைகளின் முட்டைகள் எத்தனையோ ஆயிரம் வசந்தங்களில் அழிந்து அழிந்து, சரியான நாளுக்குக் காத்திருக்கும் பறவைகள் மட்டும் மிஞ்சின. பட்டியில் சீக்கிரம் முட்டையிடுவது நல்ல குணம். பண்ணைக்காரர் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். பல தலைமுறைப் பட்டி வாழ்க்கையில் அந்தக் கடிகாரம் கழன்றுவிட்டது. பத்து நாளில் பழக்கி அதைத் திரும்பப் பூட்ட முடியாது.

அப்படியானால் காட்டுப் பறவையையே பிடித்து, இல்லாத இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அதைப் பிடிப்பது எப்படி? கண் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றி முக்கால் வட்டம் பார்க்கும் பறவை அது. கம்புகளால் கட்டிய கூண்டுப் பொறிகளில் எப்போதாவது ஒன்றிரண்டு சிக்கும். ஒரு மாநிலத்தை நிரப்ப அது போதுமா?

வழி கிடைத்தது வாத்துக்காரர்களிடமிருந்து. மிசௌரியின் வடபகுதியில் உள்ள ஸ்வான் லேக் வனவிலங்குக் காப்பகத்தில் ஹெர்பர்ட் டில், ஹோவர்ட் தார்ன்ஸ்பெரி என்ற இரண்டு பேர் காட்டு வாத்துகளைப் பிடிப்பதற்காக ஒரு கருவி செய்தார்கள். 1950-இல் அதைப் பற்றி எழுதியும் வெளியிட்டார்கள். பெரிய வலையை மடித்து ஒரு கரையில் வரிசையாக வைத்துவிடுவது. வலையின் முன்விளிம்பைக் கனமான இரும்புத் துண்டுகளோடு கட்டி, அந்தத் துண்டுகளைச் சின்னச் சின்ன பீரங்கிகளுக்குள் சொருகிவிடுவது. மறைவில் உட்கார்ந்திருப்பவர் மின்கம்பி வழியாக வெடிமருந்தைப் பற்றவைத்தால் இரும்புத் துண்டுகள் சீறிப் பறந்து, வலையை இழுத்துக்கொண்டு பறவைகளின் தலைக்கு மேலே விரித்துவிடும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

தென் கரோலைனாவின் பிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டில் 1951-இல் டஃப் ஹோல்புரூக் இதைக் காட்டு வான்கோழி மேல் முதன்முதலாகப் பயன்படுத்தி வென்றார். அந்தக் காத்திருப்பை நினைத்துப் பாருங்கள். காட்டுக்குள் ஒரு திறந்தவெளி. நாள்தோறும் சோளமணி தூவி, மந்தை பயமில்லாமல் வந்து மேயும் வரை பொறுக்க வேண்டும். பிறகு வலையைச் சருகால் மூடிவிட்டு, இருட்டோடு போய் மறைவில் உட்கார வேண்டும். பறவைகள் வந்தாலும் உடனே சுடக் கூடாது. ஒன்று நிமிர்ந்து நின்றாலும் பறந்து வரும் இரும்பில் அடிபட்டுச் சாகும். எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் தரையை நோக்கிக் குனியும் அந்த ஒரு கணத்துக்காக விரலைப் பொத்தானில் வைத்தபடி மூச்சடக்கிக் காத்திருக்க வேண்டும். வெடித்ததும் ஓடிப்போய், உதறும் சிறகுகளை அமுக்கி, ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டியில் வைத்து மூடினால், இருட்டில் பறவை அடங்கிவிடும். அன்றைக்கே லாரியில் ஏற்றிப் புதிய காட்டில் திறந்துவிடுவார்கள். பெட்டி திறந்த நொடியில் அது பறந்து மறையும். பழக்க வேண்டியது ஒன்றுமே இல்லை.

மிசௌரியில் 1952-இல் எஞ்சியிருந்தவை 14 கவுண்டிகளில் 2,500-க்கும் குறைவான பறவைகள். 1954-இல் பிடித்து இடம் மாற்றும் வேலை தொடங்கியது. ஓசார்க் கவுண்டியின் கேனி மலைக் காப்பகமும் கார்ட்டர், ஷானன் கவுண்டிகளில் விரியும் பெக் ராஞ்ச்சும் தாய் மந்தைகளைத் தந்தன. கால் நூற்றாண்டில் மாற்றியவை மொத்தம் சுமார் 2,600 பறவைகள்தான், 142 இடங்களில். ஓர் இடத்துக்குச் சராசரியாக இருபதுகூடத் தேறாது. பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கில் கொட்டியும் நடக்காததை இருபதுக்கும் குறைவான காட்டுப் பறவைகள் செய்து முடித்தன. 1960-இல் வசந்த வேட்டையை மறுபடி திறந்தபோது மூன்று நாள், 14 கவுண்டி, கிடைத்தது 94 பறவை. 2004 வசந்தத்தில் மட்டும் 60,000-க்கும் மேல்.

இந்தப் பறவைகளை மிசௌரி மற்ற மாநிலங்களுக்கும் கொடுத்தது. பண்டமாற்று முறையில். இந்தியானாவிலிருந்து ரஃப்டு கிரவுஸ் என்ற காட்டுக்கோழி வந்தது. கென்டக்கி காட்டு வான்கோழிகளை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக லூசியானாவில் நீர்நாய்களை வாங்கி மிசௌரிக்கு அனுப்பிவைத்தது. 1982-லிருந்து அந்த நீர்நாய்களை ஓடைகளில் விட்டார்கள். இன்று ஓசார்க் ஓடைக்கரையில் நீர்நாய் மீனைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, அதற்கு விலையாக எந்தக் கென்டக்கி மலையிலோ ஒரு வான்கோழி மந்தை மேய்கிறது என்ற நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை. நீர்நாய்க் கதைக்கே தனி வாரம் தர வேண்டும். மீன் வளர்ப்பவர்களின் கோபத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

லியோபோல்டு சொன்னது பரம்பரை. தாயின் பங்கு என்ன? அதற்கு ஜோ ஹட்டோவைப் பார்க்க வேண்டும். வட புளோரிடாவில் வாழ்ந்தவர். காட்டு வான்கோழி முட்டைகள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. இன்குபேட்டரில் வைத்தார். முட்டைக்குள் இருக்கும்போதே வான்கோழிக் குரலில் அவற்றோடு பேசினார். பொரிந்த குஞ்சுகள் முதலில் பார்த்த முகம் அவருடையது. அவரையே தாயாக எடுத்துக்கொண்டன. அன்றிலிருந்து பகல் முழுக்க அவற்றோடு காட்டில் அலைந்து, ஓர் ஆண்டுக்கு மேல் வேறு வாழ்க்கை இல்லாமல் இருந்தார். 1995-இல் புத்தகமாக எழுதினார், 2011-இல் பிபிஎஸ் தொலைக்காட்சி அதைப் படமாக ஒளிபரப்பியது. பாம்பைப் பற்றி அவர் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்காமலே குஞ்சுகளுக்கு அது ஆபத்து என்று தெரிந்திருந்தது. அவை கடைசியில் காட்டுப் பறவைகளாகவே பிரிந்து போயின.

ஆக, இன்குபேட்டரில் பொரித்தது மட்டுமே குற்றம் இல்லை. முட்டை காட்டு முட்டை, கூடவே நாள் முழுவதும் காட்டில் நடக்க ஒரு தாய். இரண்டும் இருந்தன. பண்ணைக் குஞ்சுகளுக்கு இரண்டுமே இல்லை. ஹட்டோ செய்ததைப் பத்தாயிரம் குஞ்சுகளுக்கு எந்த மாநிலத்தால் செய்ய முடியும்? மிசௌரியிலும் தெற்கு மாநிலங்களிலும் கடந்த இருபது ஆண்டுகளில் வான்கோழி எண்ணிக்கை சரிந்திருக்கிறது. இதைக் கேட்டதும் மறுபடி வளர்த்து விடலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வருத்தம் அதுதான். பல மாநிலங்கள் சட்டத்தால் தடுத்திருப்பது நல்ல காரியம். பெட்டை தரையில், புல் மறைவில் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கிறது. பொரித்த குஞ்சு மரமேறிப் படுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை இரவெல்லாம் தரையில், தாயின் சிறகுக்கு அடியில். நனைந்தால் சாகும், ரக்கூன் வந்தால் சாகும். உதவி செய்ய விரும்புகிறவர்கள் அந்த ஆறேழு வாரத்துக்குத் தேவையான புல்லையும் புதரையும் வெட்டாமல் விட்டுவைத்தால் போதும். தீவனப் புல்லுக்காக மே மாதமே அறுக்கும் இயந்திரம் ஒரு பகலில் எத்தனை கூட்டை அழிக்கிறது என்று பண்ணைக்காரர்களே சொல்வார்கள்.

சரி, வேட்டைக்கான ஏற்பாடு. மிசௌரியில் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை பருவம் திறக்கும், மூன்று வாரம் ஓடும். தேதியை அங்கே வைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்குள் பெரும்பாலான பெட்டைகள் இணை சேர்ந்து முடித்திருக்கும், பல அடைகாக்க உட்கார்ந்துவிடும். துணையை இழந்த ஆண்கள் மறுபடி உரக்கக் கூவ ஆரம்பிக்கும். குறி வைக்கலாகாத பெட்டை கூட்டில், குறி வைக்கலாகும் ஆண் வெளியில். கணக்கு அதுதான். சுடலாமா என்று பார்க்கும் அடையாளம் மார்பில் தொங்கும் தாடி.

இப்போது மார்ச்சில் செய்வது காடு பார்ப்பது. துப்பாக்கி இல்லாமல், விடியலுக்கு முன்பே போய் நிற்பார்கள். கோடுபோட்ட ஆந்தை கத்தினால் மரத்தில் படுத்திருக்கும் ஆண் வான்கோழி தன்னை அடக்க முடியாமல் பதிலுக்குக் கூவிவிடும். அதனால் மனிதர்களே ஆந்தை மாதிரி கத்திப் பார்ப்பார்கள். எந்த மரம் என்று தெரிந்துகொண்டு சத்தமில்லாமல் திரும்பிவிடுவார்கள். பகலில் தரையைப் படிப்பார்கள். சருகைக் காலால் கிளறிய தடம் எந்தப் பக்கம் மந்தை நகர்ந்தது என்று காட்டும். எச்சம் இன்னும் துல்லியம். நீண்டு நுனி வளைந்திருந்தால் ஆண், சுருண்டு குவிந்திருந்தால் பெட்டை. முட்டையிடும் உடலமைப்பு எச்சத்தின் வடிவத்தையே மாற்றுகிறது.

ஞாயிறு மதியங்களில் குன்றெல்லாம் துப்பாக்கிச் சத்தம். காகிதத்தில் வான்கோழித் தலை வரைந்து, 40 கஜத்தில் நட்டு, சிறுகுண்டுகள் எப்படி விழுகின்றன என்று பார்க்கிறார்கள். குறி எப்போதும் தலையும் கழுத்தும்தான். காயத்தோடு ஓடிப்போகும் பறவை யாருக்கும் வேண்டாம். உடை விஷயத்தில் ஒரு கண்டிப்பு: சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் கூடாது. இணைதேடும் காலத்தில் ஆணின் தலையில் அந்த மூன்று நிறமும்தான் மின்னும். கைக்குட்டையின் ஓரம் தெரிந்தால்கூட இன்னொரு வேட்டைக்காரரின் கண் தடுமாறலாம். தோளை விட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார வேண்டும். கூவும் சத்தத்தை நோக்கிப் பதுங்கிப் போவது பெரும் தவறு. அங்கே கூவுவது மனிதராக இருக்கலாம்.

உண்ணியையும் சொல்லியாக வேண்டும். முதுகில் வெள்ளைப் புள்ளியுள்ள லோன் ஸ்டார் உண்ணி ஓசார்க்கில் ஏராளம். அது கடித்த சிலருக்கு மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, ஆட்டிறைச்சி எதைச் சாப்பிட்டாலும் சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்து, உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை வருகிறது. பாலூட்டிகளின் உடலில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருள்தான் காரணம். பறவைகளில் அது கிடையாது. மாடு வளர்க்கும் ஊரில் மாட்டிறைச்சி தொட முடியாமல் போனவர்கள் பலர் இப்போது வான்கோழியை நம்பியிருக்கிறார்கள். பெர்மெத்ரின் தெளித்த காலுறையும் கால்சட்டையும் கொடியில் காய்வதை மார்ச்சில் எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

பொதுக் காடுகளில் மதியம் ஒரு மணிக்குத் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு பகல் நிறைய மிச்சமிருக்கிறது. பருவத்தின் கடைசி வாரம் பெரும்பாலும் மே முதல் வாரம், பழக்கி முடித்த தக்காளிகளைத் தண்டு பாதி புதைய மண்ணில் இறக்கும் நேரம். புதைந்த தண்டெல்லாம் வேர்விடும்.

அழைப்பான்களுக்கு இந்த வாரம் இடமில்லை. ஆர்க்கன்சாவின் டார்டனெல் ஊர்க்காரர் ஹென்றி கிப்சன் 1897-இல் காப்புரிமை வாங்கிய மரப்பெட்டியிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன். சாக்பீஸ் தடவிய மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் எப்படி வருகிறது, பெட்டையின் இறக்கை எலும்புகளைக் கோத்து ஊதிய பூர்வகுடிகளின் முறை அதை விட ஏன் கடினம் என்பதையெல்லாம் அப்போது பார்க்கலாம்.